மேக நிழலில் ஏழு ஏரிகள்

செயற்கைக்கோள் படங்களில் ஏரிகளைத் தேடியே பதின்மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அவள். இந்த முறை, வறட்சி அறிக்கைக்காக எந்தெந்த ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தபோது, கணினி மேகத்தின் நிழலையும் தண்ணீர் என்று காட்டிவிட்டது. படத்தில் இரண்டுமே கறுப்புதானே. மூன்று நாள் உட்கார்ந்து, வேறு நாள் படங்களோடு ஒப்பிட்டு, ஏழு பொய் ஏரிகளை நீக்கினாள்.

மேலதிகாரி முகம் சுளித்தார். "ஏம்மா, இருபத்தாறு ஏரின்னு போன வாரமே அனுப்பியாச்சு. இப்ப பத்தொன்பதுன்னா, மிச்சத்தை யாரு குடிச்சான்னு கேப்பாங்க."

"அது நிழல் சார். வறண்ட ஏரியில தண்ணி இருக்குன்னு போட்டா, அந்த ஏழு ஊருக்கும் தண்ணி லாரி வராது."

"அடுத்த மாசம் திருத்திக்கலாம்."

"அப்ப அறிக்கையில என் பேரை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா யாரும்மா பதில் சொல்றது?"

பல்லைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தவள், லாரி அனுப்பும் அலுவலகத்துக்குத் தானே போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.