மெழுகுவர்த்தி நின்ற தட்டு

என் வீட்டுக்காரர் அமலனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது கெட்டுப்போனாலும் அது யாரால் கெட்டது என்று பெயர் சொல்லாமல் விடமாட்டார். குழம்பில் உப்பு கூடினால் விருந்தாளி முன்னாலேயே என்னைக் காட்டி "ரோசலின் போட்டது" என்பார். கரண்ட் போனால் லைன்மேன் பெயர் வரும். மழை பெய்யாவிட்டால் மட்டும் யார் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் தவிப்பார். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருடத்தில் இதற்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் நோட்டு போதாது.

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில், வீட்டை ஒட்டியே அவருடைய ஷெட். அம்பாசிடர் கார் மட்டும்தான் பார்ப்பார். வேலைக்கு உட்காரும்போது பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, கழற்றுகிற சாமான்களைக் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போவார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். வேட்டி காலியானால் வேலை முடிந்தது. தன் ஞாபகத்தைவிட அந்த வேட்டியைத்தான் நம்புவார். இன்ஜினை மூடியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஷெட்டில் இருக்கும் மாதா படத்தின் முன் நின்று 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது என் வேலை.

போன ஆவணியில் எரியோட்டிலிருந்து சண்முகவள்ளி அக்கா தன் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். அதில் முருங்கைக்காய் மூட்டைகளை ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர். இன்ஜினின் முன்பக்கம், டைமிங் செயினை மூடியிருக்கும் கவரிலிருந்து எண்ணெய் ஒழுகியது. இரண்டு முறை இவர் பார்த்துக் கொடுத்தும் ஒழுகியது. இப்போது வாட்டர் பம்ப்பும் சேர்ந்து தண்ணீர் விட்டது.

"தம்பி, இதுதான் கடைசி. பழைய இரும்புக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். இந்தத் தடவையும் ஒழுகுச்சுன்னா நேரா அவன்கிட்டதான் ஓட்டிட்டுப் போவேன்" என்றார் அக்கா.

"ஒரு சொட்டு விழாதுக்கா" என்று இவர் வாக்குக் கொடுத்தார். இரண்டு முறை தோற்ற அவமானம் முகத்திலேயே இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

மறுநாள் காலை ரேடியேட்டர், பெல்ட், பம்ப், புல்லி, கவர் எல்லாம் வரிசையாக வேட்டிக்கு வந்தன. கவரில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற பழைய சீல் வளையத்தை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினார். கவரின் போல்ட்டுகளை முதலில் இறுக்கவில்லை. புல்லியை உள்ளே நுழைத்து, சீல் அதன் நடுவில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அப்புறம் புது பம்ப், பெல்ட், ரேடியேட்டர். தண்ணீர் ஊற்றினார். வேட்டி காலி.

அக்காவும் வந்துவிட்டார். இவர் கை கழுவிவிட்டு மாதா முன் நின்றார். பாதியில் ஜெபத்தை நிறுத்தினார். எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நான் பார்க்க, மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, அது நின்றிருந்த தட்டைக் கையில் எடுத்தார்.

அதை அங்கே வைத்தது நான். காலையில் மெழுகுவர்த்தி வைக்கும் சாஸர் கை தவறி உடைந்திருந்தது. இவர் சாப்பிடப் போன நேரத்தில் வேட்டியில் சின்னதாக ஒரு தட்டைப் பார்த்தேன். கொஞ்சம் குழிவாக, நடுவில் ஓட்டையோடு, பருத்த மெழுகுவர்த்தி நிற்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. கழித்துப்போட்ட பழசு என்று நினைத்து எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? வரிசையில் இடைவெளி தெரிகிறதே என்று பக்கத்துச் சாமான்களையும் அழகாக நகர்த்தி வைத்தேன். அது கவருக்குள்ளே இருந்து, சீலுக்கு வருகிற எண்ணெயைத் திருப்பி வீசுகிற தட்டாம்.

"என்ன தம்பி, ஸ்டார்ட் பண்ணலையா?" என்றார் அக்கா.

அந்தத் தட்டு இல்லாமலும் வண்டி ஓடும். எரியோடு போய்ச் சேரும். பத்து நாள் கழித்துத்தான் ஒழுகும். என் பெயர் வரப்போகிறது என்று நான் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லக்கா. உள்ள ஒரு தட்டு மாட்டலை. எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும்."

"யாரு விட்டது?" இவர் பழக்கம் அக்காவுக்கும் தெரியும்.

"நாந்தான்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் ஒழுகுனாலும் சரி, ஓட்டிட்டுப் போயிருவேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாய் ஓயாத நான் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு நழுவிவிட்டேன். பயம்தான், வேறென்ன.

வெந்நீரிலும் மண்ணெண்ணெயிலும் மெழுகைத் தேய்த்து எடுத்துத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் கவரைக் கழற்றி முடித்திருந்தார். தட்டை வாங்கவில்லை.

"நீயே மாட்டு."

"நானா? ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"எஃப்னு ஒரு எழுத்து இருக்கு பாரு. அது ஒன்னயப் பாத்து இருக்கணும். அம்புட்டுத்தான்."

இத்தனை வருடத்தில் இன்ஜினில் கை வைக்க விட்டதில்லை. தட்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த தண்டில் நழுவிப்போய் உட்கார்ந்தது. சரியா என்று இரண்டு முறை கேட்டேன். மண்டையை ஆட்டினார். கவருக்கு அடியில் வைக்கிற அட்டை கேஸ்கட்டைப் புதுசாக வெட்டி, மறுபடி கவர், புல்லி, பம்ப்.

நாலரைக்கு அக்கா நத்தம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். இன்ஜின் அடியில் செய்தித்தாள் விரித்தோம். மூன்று பேரும் டீ குடித்தோம். அக்கா குனிந்து தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுகூட இல்லை.

"என்னமோ தம்பி, ஒங்கை ராசியான கைதான்" என்று சிரித்தார்.

"தட்ட மாட்டுனது ரோசலின்" என்றார் இவர்.

"யக்கா, அந்தத் தட்ட எடுத்து மெழுகுவத்தி வச்சதும் நாந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இவர் வேலை இருப்பதுபோல் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.