மாப்பிள்ளையின் மலையூரை அப்பா விசாரித்தது

1. ஓர் ஆர்மேனியனைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னேன். ஒஸ்லோவில் என்னோடு வேலை செய்யும் பொறியியலாளன்.
2. அம்மா அழுதார். பிறகு சோறு போட்டார்.
3. அப்பா அழவில்லை. "எந்த ஊர்?" என்றார்.
4. அவன் பிறந்த மலைக்கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அப்பா அங்கே விசாரிக்க ஆள் தேடத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் ஊரில் விசாரிக்காமல் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் இல்லை. அந்த ஊர் பனிமலைக்கு மேலே இருந்தாலும் விலக்கு கிடையாது. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்கள் வீட்டுச் சோபாவை விட்டு எழும்பாமலே, ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கும் மதுரைக்காரி ஒருத்தியை அப்பா கண்டுபிடித்தார். விடுமுறையில் அவள் மலையேறினாள். அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஊரு சூப்பர் அங்கிள்! ஆயிரம் வருஷக் கோயில். வாசல்ல நிக்கிற கல்லுல எல்லாம் சிலுவை செதுக்கியிருக்காங்க, அப்படியே லேஸ் மாதிரி."

"அதை விடு பிள்ளை. பெடியன்ரை தகப்பன் குடிப்பாரோ?"

"ஊரே குடிக்குது அங்கிள். எனக்காக ஆடு வேற வெட்டிட்டாங்க. பையனோட பெரியப்பா பக்கத்துல நிக்கிறார். பொண்ணோட ஊர்க் கோயில் எவ்ளோ பழசுன்னு கேக்கிறார். போட்டோ வேணுமாம்."

விசாரணை இப்படித் திரும்பும் என்று அப்பா நினைத்திருக்கவில்லை. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகின் மூத்த குடி நாங்கள் என்று ஒஸ்லோவில் மேடை கிடைத்தபோதெல்லாம் பேசியவர். போனில் படம் தேடினார். வெகுநேரம் தேடினார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயிலின், கடற்பாறையில் வெட்டிய முருகைக்கல் மதிலும் பழைய தூண்களும் இப்போது இல்லை. ஒஸ்லோவில் காசு சேர்த்து அவற்றை இடித்து, நிலம் முதல் சுவர்வரை வெள்ளை மாபிள் பதித்த திருப்பணிக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். கடைசியில் மாபிள் கோயிலின் படத்தையே அனுப்பினார்.

"அங்கிள், இது கல்யாண மண்டபமா?"

"சொல்லுங்கோவன்," என்றார் அம்மா குசினியில் சமைத்தபடி. "நீங்கள்தானே நிண்டு இடிப்பிச்சனீங்கள்."

அப்பா போனைக் கையால் பொத்தினார். மலையில் ஏதோ கதைத்துக்கொண்டார்கள்.

"பரவாயில்லையாம் அங்கிள். புது ஊர்க்காரங்க வீட்லயும் பொண்ணு எடுப்பாங்களாம். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அப்பா. "சொல்லிப்போட்டு போனை வை."

இப்போதைய நிலை: வசந்தத்தில் ஒஸ்லோவில் பதிவுத் திருமணம். பெரியப்பா வருகிறார். பழைய கோயிலை இடித்தது யார் என்று அவரிடம் ஒருவரும் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.