அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

தேக்கா சந்தையில் மீன்கள்மேல் பனிக்கட்டியை அள்ளிக் கொட்டும் சத்தம். சரக், சரக். கேட்டால் இன்றும் என் கால் நின்றுவிடுகிறது. "இதெல்லாம் குளிராடா? எங்க டாங்க்குக்கு முன்னால இது வெயில் லா" என்று பக்கத்தில் ஒரு குரல் சிரிக்க வேண்டும். ஓராண்டாக அந்தக் குரல் இல்லை.

அக்கா பிறந்தது இங்கே சிங்கப்பூரில், புக்கிட் மேராவில். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே போய்விட, அக்கா வேலை பார்த்துக்கொண்டே பாலிடெக்னிக் முடித்தார். என்னையும் பட்டதாரி ஆக்கினார். பிறகு தென்பக்கத் தீவு ஒன்றில், மீன் இனப்பெருக்கக் கூடத்தில் வேலை. காலைப் படகு, மாலைப் படகு. வாழ்நாள் முழுவதும் அதே கடல்.

அந்த வேலையை உறவினர்களுக்கு விளக்குவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். களவா மீன் முதலில் பெண்ணாகவே வளரும். வயதான பிறகே சில ஆணாக மாறும். பெண் முட்டையிடும் நாளில் ஆண் தயாராக இருக்காது. அதனால் ஆண் கிடைக்கும்போதே விந்தை எடுத்து, மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜன் ஊற்றிய டாங்கில் உறைய வைப்பார்கள். முட்டையை அப்படி வைக்க முடியாது, உறைந்தால் சிதைந்துவிடும்.

"ஊர் மீனுக்கெல்லாம் மாப்பிள்ளை பாக்குற. உனக்கு எப்பம்மா பாக்கப் போற?" என்பார் எங்கள் அத்தை, கிறிஸ்துமஸ் விருந்தில்.

"என் மாப்பிள்ளைங்க டாங்க்குக்குள்ள சத்தமே போடாம இருக்காங்க அத்தை. உங்க வீட்டுல அப்படியா?"

மாமாகூடச் சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும் அக்கா குவீன்ஸ்டவுனில் தம் சிறிய வீட்டுக்குத் தனியே பேருந்து ஏறுவார்.

நைட்ரஜன் நிற்காது, ஓயாமல் ஆவியாகும். வெள்ளிதோறும் ஊற்ற வேண்டும். அம்மாவை அடக்கம் செய்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. உதவியாளர் ஜமீலா பிரசவ விடுப்பில் இருந்தார். கூடத்தின் கடைசி ஆண் களவா அதற்குச் சில நாள் முன்புதான் செத்திருந்தது. அதன் விந்து மட்டுமே டாங்கில். கல்லறையிலிருந்து திரும்பி, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா கைப்பையை எடுத்தார்.

நான் எல்லார் முன்னிலும் சொன்னேன்: "போ. மீனக் காப்பாத்து. அம்மா இனிமே எங்க போயிடப் போறாங்க?"

"காலியாயிடும்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அதன்பின் எங்கள் வீட்டு விருந்துக்கு அவர் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு குறுஞ்செய்தி: "செத்துப்போன கிழவனுக்குக் குஞ்சு பொரிச்சிருக்குடா." கூடவே ஒரு படம்; கண்ணாடிக் கிண்ணத்தில் தூசிபோல உயிர்கள். பார்த்தேன். பதில் போடவில்லை. அவர் அதை வேறு யாருக்கு அனுப்பியிருப்பார்?

அன்று கீழே அமர்ந்து அதைக் கேட்டவர்களில் பலர் இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். நான் சொன்னது தவறு. நீங்கள் கேட்ட இடத்தில் சொன்னதால், நீங்கள் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தபோதும், வெள்ளி வந்ததும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஜமீலா ஊத்திட்டேன்னு சொன்னா. இருந்தாலும் நீ ஒரு தடவை பாத்துட்டு வாடா." அனுமதி வாங்கி ஜமீலா என்னை அழைத்துப் போனார். அக்காவின் படகில் நான் ஏறியது அன்றுதான் முதல்முறை.

"அண்ணே, கையுறை போடுங்க, தோல் போயிடும் லா. குச்சிய டாங்க்குக்குள்ள விட்டு எடுத்து, காத்துல ஆட்டுங்க. பனி எதுவரைக்கும் ஏறுதோ, அதுவரைக்கும் நைட்ரஜன் இருக்கு."

வெண்பனி குச்சியில் ஏறியது. அதை எழுதிவைக்கும் ஏட்டில் வாராவாரம் அக்காவின் கையெழுத்து. குறிப்புக் கட்டம் எல்லா வாரமும் காலி. ஒரு வெள்ளியில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி: இன்று அம்மாவின் அடக்கம், ஒரு மணி நேரம் தாமதம், மன்னிக்கவும்.

டாங்கிடம்கூட மன்னிப்புக் கேட்டவர் என் அக்கா.

அக்காவைத் தம் தாயைப் போல் துடைத்துவிட்ட தாதியர், செபமாலை சொல்ல வந்த பங்கு மக்கள், செடிகளை வாடவிடாத பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியம்மா, இன்றும் வெள்ளிதோறும் ஊற்றும் ஜமீலா: உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி. அக்கா அந்த வெள்ளிக்கு அடுத்த வியாழனன்று இறைவனடி சேர்ந்தார். நான் தீவிலிருந்து திரும்பிய அந்த மாலைக்குப் பிறகு அவருக்குப் பேச்சு இல்லை.

அன்று மாலை கட்டிலருகே குனிந்தேன். "அக்கா, அம்மா அடக்கத்தன்னிக்கு நான்..."

"அத விடு. பனி எதுவரைக்கும் ஏறுச்சு?"

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தொட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப ஒரு வாரம் தாங்கும். வர்ற வெள்ளிக்கிழமையும் போவியாடா?"

"போறேங்க்கா."