சாவு வீட்டில் ஓடிய கம்ப்யூட்டர்

அண்ணே, உன்னை ஹாலில் கிடத்தியிருந்தபோது மாமா உன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார். நான் அவர் மூக்கை உடைத்தேன்.

நான் ஜுருவில் டயர் மாற்றுகிறவன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீ பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி செய்தாய். பாகான் டாலாமில் நம் வீட்டில், டிவிக்குப் பக்கத்திலேயே உன் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் ஓடும். திரையில் எலெக்ட்ரான்கள் ஒரே கற்றையாக, மின்சாரம் ஏறிய வாயு என்பாயே, அந்த பிளாஸ்மாவுக்குள் பாயும். நிஜமில்லை, கணக்குப் போட்டுக் காட்டும் படம்தான் என்பாய். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சின்ன நெளிவு. அது கற்றையின் வேகத்தைத் தின்று பெரிய அலையாகும். அந்த அலையே கற்றையைச் சுருட்டிப் பிய்த்துப்போடும். தெருச்சண்டை மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும்.

"யாருண்ணே மொதல்ல அடிச்சது?"

"யாரும் இல்லடா. சும்மா ஒரு நெளிவு போதும்."

அந்தக் கணக்கின் கடைசி ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டு, சுவிச்சைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அது முடிந்தால்தான் உன் படிப்பு முடியும். பிறகு தைப்பூசத்துக்குப் போனோம்.

கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலை ரோட்டில் இரண்டு உருமி மேளக் கோஷ்டிகள் எதிரெதிராக வந்தன. ஒருத்தன் தோள் இன்னொருத்தன் மேளத்தில் இடித்தது. அவ்வளவுதான். ஹெல்மெட்டால் மண்டையில் அடித்தார்கள். மேளக் குச்சியால் முகத்தில் குத்தினார்கள். கீழே விழுந்து மிதிபட்ட ஒரு ஆளைத் தூக்கக் குனிந்தாய். உன் பின்மண்டையில் ஹெல்மெட் இறங்கிய சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது திரையில் கற்றை இன்னும் பாய்ந்துகொண்டிருந்தது.

"சாவு வீட்ல என்னாடா படம் ஓடுது?" என்று மாமா ப்ளக்கைப் பிடுங்கினார். சாவு வீட்டில் நம் ஆட்கள் டிவி போடமாட்டார்கள். இதையும் டிவி என்று நினைத்துவிட்டார். அடித்தேன். உன் கால்மாட்டில் விழுந்தார். விழுந்தவரையும் அடித்தேன். அம்மா கத்தியும் என் கை நிற்கவில்லை.

சாவுக்கு வந்திருந்த, பல்கலைக்கழகத்தில் உன்னோடு படித்த அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, விடு லா. அதுவா அப்பப்ப சேவ் பண்ணிக்கிற மாதிரிதான் உங்கண்ணன் எழுதியிருப்பாரு. பாப்போம்."

ப்ளக்கைச் செருகித் தரையில் உட்கார்ந்து என்னவோ தட்டினார். பின்னால் ஒப்பாரி. திரை கறுப்பாகவே இருந்தது. அப்புறம், விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, கற்றை கிளம்பியது.

மாமா மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு வந்து நின்றார். "ஓடுதாடா?"

"ஓடுது மாமா."

"ஓடட்டும். எவனும் தொடாதீங்க."

உன்னை எரித்துவிட்டு வந்தபோது கற்றை பிய்ந்துகொண்டிருந்தது. அக்கா உன் ஆராய்ச்சியை எழுதி முடித்து உன் பெயரிலேயே பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். உன்னை அடித்தவன் கையில் கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, என் அண்ணனுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் தலை இனிமேல் வலிக்கக் கூடாது என்று கேளுங்கள்.