வாய் படாமல் குடித்தவர்

எழுபதுகளின் நடுவில், கனடாவின் மாண்ட்ரியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு தமிழர்கள். ஒருவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர், கும்பகோணத்துக்காரர், வேதியியலில் முனைவர். இன்னொருவன் நான். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் உருகுகிறேன் என்று நினைப்பீர்கள்.

ஆய்வகத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தது. நியாயமாக அந்த நாற்காலி பெரியவருக்குத்தான். தனக்கு இளையவர்களிடம்கூட ஒன்பது வருடம் கைகட்டி நின்றவர். வில்லரேயில் அவர் குடியிருந்த வாடகை வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. பனி விழ ஆரம்பித்தால் அந்த அம்மாள் ஏப்ரல் வரைக்கும் கீழே இறங்க மாட்டார். பதவி கிடைத்தால் படியில்லாத வீடாகப் பார்த்துப் போய்விட வேண்டும் என்று அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே நாற்காலி எனக்கும் வேண்டியிருந்தது. என் வீட்டில் யாருக்கும் முழங்காலில் ஒரு குறையுமில்லை.

எங்கள் இயக்குநர் கியூபெக்கில் பிறந்த பிரெஞ்சுக்காரர். சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் ஆளை எடைபோடுவார். அந்தச் செப்டம்பரில் பிரான்ஸின் பர்கண்டிக்குத் திராட்சை அறுவடைத் திருவிழா பார்க்க ஒரு சுற்றுலாக் குழு கிளம்பியது. அவரும் அவர் மனைவியும் சேர்த்துப் பதினாறு பேர். எங்கள் இருவரையும் வரச் சொன்னார். எதற்கு என்று இருவருக்குமே தெரியும்.

பெரியவர் முட்டையைக்கூடத் தொடாதவர். "ஒரு வாய் ஒயின்தானே, மருந்துன்னு நெனச்சு முழுங்கிட்டுப் போறேன்" என்றார். ஒயினுக்கு அவர் மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

அங்கே பேருந்தில் எங்கள் வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டு வந்தாள். நான் மாண்ட்ரியலில் மாலை வகுப்புக்குப் போய் பிரெஞ்சு கற்றவன். பெரியவருக்கு அரைகுறை. அதனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அறுவடை விருந்தில் இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை ஒன்று மேசையைச் சுற்றி வரும், எல்லாரும் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றாள் அவள். குடிக்காதவர்கள் அதை நெற்றியில் தொட்டுவிட்டுக் கொடுத்தால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

"என்னப்பா சொல்றா?" என்றார் பெரியவர்.

"ஒரே கோப்பையில எல்லாரும் குடிக்கணுமாம் சார்."

அவர் முகம் செத்துவிட்டது. "இத்தனை பேர் எச்சிலையா? அண்ணாந்து குடிக்கலாமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

நான் எழுந்து முன்னால் போனேன். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். "தாராளமா குடிக்கலாமாம் சார். அது இன்னும் மரியாதையாம்" என்றேன். நெற்றி விஷயத்தை விழுங்கிவிட்டேன். ஏதோ சபலம், வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் போய்வரப் பத்துப் பன்னிரண்டு அடி நடந்தேன், நன்றாக யோசித்துத்தான் நடந்தேன்.

திராட்சைத் தோட்டத்து முற்றத்தில், நல்ல வெயிலில், நீள மேசை. திராட்சை பறித்த கூலியாட்களும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கோப்பை வந்தது. பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒரு பக்கம் இயக்குநரின் மனைவி, மறு பக்கம் நான். அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, கோப்பையை ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சாய்த்தார். தம்ளரில் அவர் குடித்தால் ஒரு சொட்டு சிந்தாது. இது வாய் அகன்ற கோப்பை. மொத்தமும் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. மூக்கில் ஏறிப் புரையேறி அவர் இருமிய இருமலில், பக்கத்து அம்மாளின் கை முழுக்க ஒயின்.

மேசையே வெடித்துச் சிரித்தது. ஒரு கூலியாள் தன் கிளாஸைத் தலைக்குமேல் தூக்கி அதேபோல ஊற்றிக்கொண்டான். அடுத்தவனும் செய்தான். அன்று பகல் முழுக்க அதுதான் விளையாட்டு. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை, மனைவியின் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால்தான் எனக்குக் கவலை.

"என்ன சொல்றாங்க?" என்று பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்களைப் பாராட்டுறாங்க சார்."

அவர் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். கோப்பையை மறுபடி நிரப்பி என்னிடம் தந்தார்கள். நான் வாய் வைத்து அழகாகக் குடித்தேன். எனக்கும் எச்சில் என்றால் ஆகாதுதான். ஆனால் இயக்குநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாற்காலி எனக்கு வந்தது. நாலு பேரோடு பழகத் தெரிந்தவர் வேண்டும் என்று இயக்குநர் காரணம் சொன்னாராம். அடுத்த வருடமே கர்க்லாண்டில் ஒரு வீடு வாங்கினேன். புதுமனை புகுவிழாவுக்குப் பெரியவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் வாசலிலிருந்து கூடம்வரை சுவரைப் பிடிக்காமல் நடந்து பார்த்துவிட்டு, "படியே இல்லை, எவ்வளவு சௌகரியம்" என்றார். வயிற்றெரிச்சலோடு சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சந்தோஷமாகச் சொன்னார்.

பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அதுக்கப்புறம் இப்படித்தான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு பஸ்ல, நெத்தியில தொட்டுட்டுக் குடுத்துடலாம்னு அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டுது. நம்ம பிரெஞ்சு லட்சணம்தான் தெரியுமே, எதுக்கும் உன்னைக் கேட்டுக்கலாம்னு கேட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், தன் வாய் பட்ட தம்ளரைத் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.