குளத்தூரில் வாங்கிய சர்க்கஸ் உருண்டை

போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு என் மகளின் முகம் ரோட்டோரத்தில் கிடந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்ததற்காகப் பள்ளிக்கூடத்தார் வைத்த ஃபிளெக்ஸ் போர்டு. காற்றில் பிய்ந்து விழுந்து, ஏதோ லாரியின் டயர் கன்னத்தின் குறுக்கே ஏறிப் போயிருந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்தி, சேற்றில் இறங்கி, அதை இழுத்து மடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"யம்மா, எல்லாரும் பாக்காவ. விட்டுட்டு வாங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவிக் காயப் போட்டேன். பிளாஸ்டிக் துணிக்கா இத்தனை பதற்றம் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு ஒரு சிவப்பு உருண்டைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்திய தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அப்பா அப்போதுதான் பிரிந்து வந்து, கோவில்பட்டிக்கு வெளியே ஓட்டுக் கூரையில் சொந்தமாக ஒன்று தொடங்கியிருந்தார். எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். கிளிப் படம் போட்ட லேபிள் பெரியப்பாவிடம் தங்கிவிட்டது. சொத்தில் பெரிய பங்கு அதுதான் என்பது அப்பாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கடைக்கு வருகிறவர்கள் எழுத்தையா படிக்கிறார்கள்? "கிளி ஒண்ணு குடுங்க" என்றுதானே கேட்கிறார்கள். ஒரு வருஷத்துக்குள் தன் படம் ஒன்று கடைகளில் ஏறாவிட்டால் அண்ணனிடமே திரும்பிப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும் என்று அம்மாவிடம் அவர் சொல்வதைப் பல நாள் கேட்டிருக்கிறேன்.

அதனால் அந்த வருஷம் அப்பாவுக்கு உலகத்துப் பொருள்கள் இரண்டே வகை. லேபிளாகிவிட்டவை, இன்னும் ஆகாதவை. கோயில் சப்பரத்தில் சிங்க வாகனம் வந்தால் கும்பிட்டுக்கொண்டே, "இது ஏற்கெனவே இருக்கு" என்பார்.

அப்படிப்பட்டவரோடுதான் சர்க்கஸ் பார்க்கப் போனேன். சின்ன சர்க்கஸ். யானை கிடையாது, இரண்டு குதிரையும் ஒரு குடும்பமும்தான். என் வயதுப் பெண் ஒருத்தி பெரிய சிவப்பு உருண்டையின் மேல் ஏறி நின்றாள். உருண்டை நகர்ந்தது. அவள் கீழே பார்க்கவேயில்லை. வானத்தில் யாரோ கூப்பிட்டு அங்கே நடந்து போகிறவளைப் போலப் போனாள். பக்கத்தில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "இது இல்ல, இது யார்ட்டயும் இல்ல" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா அவர்களைத் தேடிப் போனபோது மைதானத்தில் குதிரைச் சாணம்தான் இருந்தது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கயத்தாற்றில் டீக்கடை டீக்கடையாக நின்று லாரிக்காரர்களிடம் விசாரித்தார். கிழக்கே போகிறார்கள் என்றார் ஒருவர். மூன்றாவது பஸ்ஸில் குளத்தூருக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரிசல் காடு எண்ணெய் தேய்த்த உடம்பு மாதிரி மினுங்கியது. தூரத்தில் உப்புக் குவியல்கள் வெள்ளையாக, மேகம் தரையில் இறங்கி உட்கார்ந்திருப்பது போல. ஒரு உடை முள்மரத்தடியில் அந்த உருண்டை தனியாக இருந்தது. சிவப்பில் மஞ்சள் நட்சத்திரங்கள். என் நெஞ்சு உயரம். தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடி நின்றது. தூங்குகிற எதையோ எழுப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

"உள்ள மணலுடி" என்றாள் அந்தப் பெண், மரத்துக்குப் பின்னாலிருந்து. "வேகமா ஓடிரக் கூடாதுன்னு போட்டிருக்கு."

அவளுடைய அம்மாதான் சர்க்கஸை நடத்தினாள். அந்தப் பெண் உருண்டையில் நிற்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், தீப்பெட்டி லேபிளுக்கு, என்று அப்பா கேட்டார். அந்த அம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"அது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி."

"ஊரு ஊரா ஆயிரம் பேரு முன்னால நிக்கிற பிள்ளதான தாயி? ஒரு படத்துல என்ன இருக்கு?"

"ஆட்டம் முடிஞ்சா பிள்ள ஏங்கூட வந்துரும். படம் வராதுல்லா. பெட்டி காலியானா எங்கன போடுவாவ? ரோட்டுலதான் போடுவாவ. போறவன் வாறவன் மிதிப்பான்."

அப்பா சிரித்தார். "லட்சம் பேரு கையில இருக்கும் தாயி. அதப் பாக்க மாட்டிக்கீயளே."

"கையில எம்புட்டு நாளு இருக்கும்?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப உருண்டைய மட்டும் குடுங்க. ஏம் மவ நிப்பா."

அவர்களிடம் இன்னொரு உருண்டை இருந்தது. மரத்தடியில் கிடந்த இது, ஒரு பக்கம் கீறல் விட்டு ஒட்டுப் போட்டது. பேரம் சீக்கிரமே முடிந்தது. அந்த அம்மா மட்டும் என் தலையில் கை வைத்து, முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

சந்தோஷத்தில் அப்பா, கரிசல் மண்ணில் பிறந்த எவரும் செய்யாத காரியத்தைச் செய்தார். உருண்டையை ரோட்டை நோக்கி உருட்டினார். பத்தடி போவதற்குள் மண் அப்பி அது இரண்டு மடங்கானது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதற்கப்புறம் அசையவில்லை. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சி, சோளம் வெதைங்க, நல்லா வரும்!"

நாங்கள் இரண்டு பேரும் வாளித் தண்ணீர் ஊற்றி அதைக் கழுவினோம். கழுவிக்கொண்டே அவள் வித்தையைச் சொல்லித்தந்தாள். "நிக்கணும்னு நெனைக்காத, நடந்துக்கிட்டே இரி. நின்னேன்னா தள்ளி விட்டுரும்."

ஒரு உப்பு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைகளின் மேல் உருண்டை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அப்பா. எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டும்போது வெயில் சாய்ந்து, பருத்திக் காடு முழுவதும் பொன்னாகிவிட்டது. லாரி குலுங்கும்போதெல்லாம் உள்ளே மணல் ஓடியது. நான் காதை வைத்துப் படுத்திருந்தேன். என்னை எங்கேயோ கொண்டுபோகிறார்கள், இறங்கும்போது நான் வேறு யாராகவோ இருப்பேன் என்று தோன்றியது.

ஆபீஸ் முற்றத்தில் ஒரு மாதம் விழுந்து எழுந்தேன். "கை கால் போச்சுன்னா ஒங்க லேபிளா கஞ்சி ஊத்தும்?" என்று அம்மா கத்திக்கொண்டே என் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போடுவாள். கடைசியில் உருண்டை மேல் நான்கு எட்டு நடந்தேன். ஆனால் ஸ்டூடியோக்காரர் வந்து, நடந்தால் படம் விழாது, அசையாமல் நில் என்றார். ஆகவே இரண்டு பக்கமும் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். லேபிள் வரைந்தவர் செங்கல்லை எடுத்துவிட்டுப் பச்சைப் புல்லைப் போட்டார். என் ரெட்டைச் சடையையும் தாடையில் இருந்த மச்சத்தையும் அப்படியே விட்டுவிட்டார்.

படம் கடைகளில் ஏறியது. "உருண்டைப் பிள்ள ஒண்ணு குடுங்க" என்று கடையில் யாரோ கேட்டதை என் காதாலேயே கேட்டேன். அப்பா பெரியப்பா வீட்டு விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. தெருவில் போகும்போது சட்டென்று குனிவார். என் படம் போட்ட காலிப் பெட்டியை எடுத்து, வேட்டி ஓரத்தில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கிளி கிடந்தால் தாண்டிப் போய்விடுவார். சரக்கு எந்தத் தெருவரை போயிருக்கிறது என்று பார்க்கிறார் என்பது என் எண்ணம். துணி துவைக்கும்போது அம்மா பையிலிருந்து ஏழெட்டுப் பெட்டிகளை எடுத்து வைப்பாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாக்கடை ஓரத்தில் முட்டி போட்டுக் கையை விட்டார். யாரோ பெரியவர், நமக்கென்ன என்பது போல நான் பத்தடி தள்ளிப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் லேபிள் மாறியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படத்தை எடுத்துவிட்டு ஒரு பூட்டின் படத்தைப் போட்டார். பெரியப்பா வந்து, "கிறுக்கா ஒனக்கு?" என்று கத்திவிட்டுப் போனார். கொஞ்ச நாள் வியாபாரம் படுத்தது. பிறகு மெல்ல எழுந்தது.

"யப்பா, ஏன் என்னைய எடுத்தீய?" என்று அழுதேன்.

"நீ வளந்துட்டேல்லா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். கோரைப்பல் விழுந்ததால் நான் அசிங்கமாகிவிட்டேன், அதை மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். போன வாரம் அந்தச் சேற்றில் இறங்கும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.