தங்கப் பல்லில் ஒரு பொட்டு

கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்த மறுநாள் காலையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திண்டுக்கல்லில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில் எடுத்தது. இரண்டு காற்றாடிகளோடு, பாதிச் செங்கல் கனம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே வீட்டு பிளான் வரைய உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர் சேவுகம்பட்டித் தோப்புக்காரர் ஒருவர். ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "படம் எல்லாரும்தான் காட்டுறாங்க தம்பி. அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடி நானும் வீட்டுக்காரியும் உள்ள நடந்து பாக்கணும். ஏலாதுன்னா சொல்லிரு, மதுரை இன்ஜினியர்ட்ட போயிக்கிறோம்."

வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டேன். நடக்கத்தான் முடியவில்லை. ஒரு எட்டு வைத்தால் திரை உறைந்துவிடும். அடுத்த எட்டுக்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்குத்தான் இந்தக் கார்டு. பதினொரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள்.

அம்மா சுங்குடிச் சேலையில் புள்ளி விழ முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இம்புட்டுப் பெருசா இருக்கே, இது என்னலே செய்யும்?"

"திரையில தெரியிறது அம்புட்டும் புள்ளிம்மா, உன் சேலை மாதிரி. பிராசஸர் கெட்டிக்கார ஆளுதான். ஆனா ஒத்த ஆளா எல்லாப் புள்ளியும் வச்சு எப்ப முடிக்கிறது? இதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஆளு உக்காந்திருக்கு. ஆளுக்குக் கொஞ்சமா ஒரே நேரத்துல முடிச்சுரும்."

"அப்ப ஆயிரம் பொம்பளையள வீட்டுக்குக் கூட்டியாந்திருக்க. டீ யாரு போடுறது?"

"அதுக்குத்தான் இந்தத் தனி கரண்டு வயரு!"

சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். "புதுச் சாமான். எங்கன வைக்க?"

நான் பெருமையில் பாடம் நடத்தினேன். "ஓரத்துல தங்கப் பல்லு மாதிரி மின்னுதுல்ல, அதான் இதோட வாயி. அதை மதர்போர்டுல சொருகுனாத்தான் இதுக்கு உசுரு." அதற்குள் போன் அடித்தது. தோப்புக்காரர் ஊருக்குள் வந்துவிட்டாராம். பேசிக்கொண்டே வெளியே போய் வந்தேன். வந்த வேகத்தில் கார்டைச் செருகி, 'டீ' வயரையும் மாட்டி, மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் குத்தி, சுவிட்சைப் போட்டேன். காற்றாடிகள் ஜோராகச் சுற்றின. திரையில் 'நோ சிக்னல்'.

கேபிளைப் பிடுங்கி மதர்போர்டின் பழைய துளையில் குத்தினேன். படம் வந்தது. ஆனால் புதிதாக ஒரு கார்டு வந்திருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது.

"செத்த நேரம்ணே, உக்காருங்க." கரண்டை நிறுத்திவிட்டு, கார்டைக் கழற்றித் திருப்பினேன். தங்கப் பற்களின் பின்பக்கம், நட்டநடுவில், வட்டமாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"யம்மா!"

"நீதானலே சொன்ன, அங்கனதான் உசுரு இருக்குன்னு. பெறகு முதுகுலயா பொட்டு வைப்பாங்க?"

தோப்புக்காரர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் பஞ்சால் துடைத்தேன். கம்ப்யூட்டர் கடைகளில் இந்தத் தங்க ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். என் டிராயிங் பெட்டியிலிருந்த ரப்பரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். செருகினேன். கேபிளையும் புதுக் கார்டுக்கே மாற்றினேன். சுவிட்ச். படம்!

திரையில் வீட்டின் கேட்டைத் தள்ளி உள்ளே போனோம். திரை உறையவில்லை; வீடு வழுக்கிக்கொண்டு வந்தது. "ஏங்க, நடக்குதுங்க!" என்று அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் அம்மாவிடமிருந்த குங்குமத்தை அவரே ஒரு விரலால் தொட்டு, திரையில் தெரிந்த வாசல் நிலையில் பொட்டு வைத்தார்.

மவுஸை நகர்த்தினேன். நிலை பின்னால் போயிற்று. பொட்டு திரையிலேயே நின்றது. ஹாலில் அது சோபாவின்மேல் உட்கார்ந்தது. படுக்கையறையில் மின்விசிறியில் தொங்கியது. அடுத்த கதவை நான் திறக்கப்போக, "அய்யய்யோ தம்பி, பாத்ரூமுக்குள்ள போகாதீங்க, பொட்டும் கூட வருது!" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். தோப்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுப்படிக்குள் போனதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். "தோப்பு தெரியலையே. சன்னலைப் பெருசாக்கு தம்பி."

"அப்ப மதுரை..." என்று இழுத்தேன்.

"மதுரை கெடக்கு. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் பாத்துட்டு வாரேன். நீ சன்னலைப் பாரு."

பொட்டைத் துடைக்க அந்த அம்மா விடவில்லை. அதைச் சுற்றியே சன்னலை அகலமாக்கினேன்.